செக்கிங் அக்கா

எங்கள் தெருவில் யாராவது ஒரு செய்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், மற்றவர்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்பார்கள். எங்கள் கீழ்வீட்டு அக்கா மட்டும், "நீ பாத்தியா?" என்பார். "இல்லக்கா, சொன்னாங்க" என்று பதில் வந்தால், "அப்போ தெரியாதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, உரித்துக்கொண்டிருந்த பூண்டுக்குத் திரும்பிவிடுவார். செய்தி கொண்டுவந்தவருக்கு அதற்குமேல் அங்கே நிற்பதில் எந்த ருசியும் இருக்காது.

பீர்க்கன்கரணையில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரே கட்டடத்தில் கீழே அவரும் அவர் கணவரும் இருந்தார்கள். மேலே நானும் என் வீட்டுக்காரரும் மகள் தாரணியும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெருவுக்கு அவர் 'செக்கிங் அக்கா'. தாம்பரம் சானடோரியம் பக்கம் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் புரட்டி, நூல் பிசிறு, விட்டுப்போன தையல், ஆடும் பொத்தான் எல்லாம் பார்த்து பாஸ் போடுகிற வேலை. கம்பெனியை விட்டு வந்தாலும் வேலை அவரை விடவில்லை.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். குடிவந்த புதிதில் ஒரு துணி கொண்டுவந்து கொடுத்தார். தைத்துக் கொடுத்தபோது போட்டுப் பார்க்கவில்லை, கண்ணாடி கேட்கவில்லை. அங்கேயே நின்று உள்பக்கத்தைப் புரட்டினார். கைக்குழியில் ஓரிடத்தில் மூன்று தையல் விட்டிருந்தது. "வெளிப்பக்கம் எல்லாருந்தான் நல்லா தைப்பாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் தைத்த எந்த ஜாக்கெட்டிலும் கைக்குழியில் தையல் விட்டதில்லை.

பால் பாக்கெட்டைத் தராசில் வைப்பார். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரை நிறுத்திவைத்து, தன்னிடமிருந்த கொக்கித் தராசில் சிலிண்டரைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் குட்டி யானை வண்டியில் தண்ணீர் கேன் போடுபவர். அக்காவுக்குப் போடும் கேனை மட்டும் அவர் வண்டியிலிருந்து இறக்கியதும் தானாகவே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிடுவார். மூடி கசியவில்லை என்று அக்கா பார்த்த பிறகுதான் கேன் வீட்டுக்குள் போகும். "ஆயிரம் வீட்டுக்குத் தண்ணி போட்டுடலாம், இந்த ஒரு வீட்டுக்குப் போடறதுதான் பரீட்சை" என்பார்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும் தெருவில் மனிதர்கள் குறைந்து செய்திகள் பெருகின. எதிர்வரிசையில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்குத் தொற்று என்று தெரு வாட்ஸப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டுக்குப் பால் நின்றது. அக்கா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் கேட்டுக்கு எதிரே பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டார். அவர் கன்னம் வீங்கி வெளியே வந்தார். திரும்பி வந்த அக்கா குழுவில் குரல் பதிவாகவே போட்டார்: "பல்லு. கடவாப் பல்லு. வாயத் தொறந்து காட்டுனாரு. நான் பாத்தேன்." சாயங்காலம் பால் வந்துவிட்டது.

இப்படிப்பட்டவரோடு குடியிருப்பது சுகம் என்று சொல்லமாட்டேன். கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி கடைசியில்தான் நிரம்பும். மனசு நொந்து ஒன்றைச் சொல்லப் போனால்கூட முதலில் சாட்சி கேட்பவரிடம் யார்தான் மனசைத் திறப்பார்கள்?

அந்த மே மாதத்தில் தாரணிக்கு ஒன்பது வயது. கத்திரி வெயில். வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கேன் போடுபவர் மகள் தண்ணீர் குடிப்பது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று நினைத்தேன். கன்னம் ஒட்டியது. வளர்த்தி போடுகிறாள் என்று நினைத்தேன். ஐந்து வயதிலேயே நின்றுபோன பழக்கம் திரும்பி வந்து, தினமும் காலையில் பாய் நனைந்திருந்தது. அதற்கு அவளைத் திட்டினேன். மூன்றாம் நாள் ஓங்கி ஒரு அடியும் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

நாலாம் நாள் வாந்தி எடுத்தாள், வயிறு வலிக்கிறது என்றாள். மறுநாள் காலையில் படுத்த இடத்திலேயே, ஓடி வந்த பிள்ளைபோல வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சுத் திணறல் என்றாலே அந்த மாதங்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். போனில் பிடித்த டாக்டரும், டெஸ்ட் எடுங்கள், அதுவரை தனியாக வையுங்கள் என்று ஒரு மாத்திரை சொன்னார். வெளியே தெரிந்தால் தெருவை அடைத்துத் தகரம் அடிப்பார்கள், பிள்ளையைத் தனியாகப் பிரித்துக்கொண்டு போவார்கள் என்று எங்கள் இருவருக்கும் பயம். ஒரு நாள் பார்ப்போம் என்று முடிவு செய்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அக்கா.

"இன்னாமா, அஞ்சு நாளா மாடிக் கொடில பெட்ஷீட்டு தொங்கிகினு கீது. யாருக்கு இன்னா?"

நான் கதவைப் பாதி திறந்து, உள்ளே வராதீர்கள் அக்கா, பிள்ளைக்குக் கொரோனாபோல இருக்கிறது என்று கிசுகிசுத்தேன். அவர் பின்வாங்குவார் என்று நினைத்தேன்.

"காய்ச்சல் கீதா?"

"இல்ல."

"இருமல்?"

"இல்லக்கா."

"அப்புறம் எத வெச்சு கொரோனான்ற?"

என்னை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தாரணி பக்கத்தில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, குனிந்து மோந்து பார்த்தார். ஏதோ பழம் அழுகின மாதிரி வாடை வருதே என்றார். எனக்கும் இரண்டு நாளாக அந்த வாடை வந்தது. கூடையில் இருந்த மாம்பழம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருந்தேன். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்று கேட்டார். கேட்டுவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார்.

அவர் கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அவருடைய சுகர் மிஷினை எடுத்துக்கொண்டு வந்தார். தாரணியின் விரல்நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தொட்டு வைத்தார். மிஷினில் எண் வரவில்லை. எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்து வந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஹாய்னு சொல்லுது" என்றார்.

அக்காவும் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அவர் பதறவில்லை. தாரணியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், விரலில் பழச்சாறு ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்று. பிறகு தன் விரலைக் குத்திப் பார்த்தார். நூற்றெட்டு. மிஷின் சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி தாரணிக்கு வேறு விரலில் குத்தினார். மறுபடி ஹாய். மிஷினோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்துத் தேடி, என் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அறுநூறுக்கு மேல் போனால் மிஷின் எண் காட்டாது, 'அதிகம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தைத்தான் காட்டும், உடனே மருத்துவரிடம் போகவும் என்று போட்டிருந்தது.

எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவர் என்பதுதான் தெருவுக்குத் தெரியும். பார்த்து முடித்துவிட்டால் அவர் எப்படி ஆவார் என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். புத்தகத்தை மூடிய கணத்திலிருந்து அவரிடம் எந்தச் சந்தேகமும் இல்லை. "வண்டிய எடு" என்றார். அவ்வளவுதான்.

குட்டி யானையிலிருந்து தண்ணீர் கேன்களை இறக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். அத்தியாவசிய சேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் ஜி.எஸ்.டி. ரோட்டில் யாரும் நிறுத்தவில்லை. பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரைக்கும் அந்த ரோடு அப்படி வெறிச்சோடி நான் பார்த்ததே இல்லை. தாரணியை மடியில் போட்டுக்கொண்டு நான் முன்னால் இருந்தேன். அக்கா பின்னால் கேன் வைக்கிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்டிக் உடை போட்ட ஒருவர், மூச்சு வாங்குகிற கேஸ் என்றால் கொரோனா ரிப்போர்ட் இல்லாமல் உள்ளே விடமுடியாது என்றார். ரிப்போர்ட் வர இரண்டு நாளாகும். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அழுதேன். அக்கா இரண்டும் செய்யவில்லை. சுகர் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"நாங்க சொல்றத நம்ப வேணாம் சார். உங்க மிஷின்ல ஒரு வாட்டி குத்திப் பாருங்க. பாத்துட்டு போன்னா போய்க்கினே இருக்கோம்."

அந்த ஆள் உள்ளே போய் ஒரு நர்ஸைக் கூட்டிவந்தார். நர்ஸ் குத்திப் பார்த்தார். அடுத்த நிமிடம் ஸ்ட்ரெச்சர் வந்தது.

மூன்று நாள் தீவிர சிகிச்சை. ஒருவர்தான் கூட இருக்கலாம் என்பதால் நான் மட்டும் உள்ளே. இரண்டாம் நாள் ஒரு இளம் பெண் டாக்டர் வந்து உட்கார்ந்து பேசினார். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய், பெரியவர்களுக்கு வருவதுபோல இல்லை, உடம்பே தன் இன்சுலின் சுரப்பை அழித்துவிடுகிறது, இனிமேல் தினமும் நாலு வேளை ஊசி, மாத்திரை கிடையாது, நிறுத்தவும் முடியாது என்றார். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் பேச ஒன்றும் இருந்திருக்காது என்றும் சொன்னார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. நான் என்ன கொடுத்ததால் வந்தது? நீங்கள் எதுவும் கொடுத்து வரவில்லை, ஏன் சிலருக்கு வருகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றார்.

வெளியே காத்திருந்த அக்காவிடம் போனில் அதைச் சொன்னேன். "தெரியாதுன்னு சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ நல்ல டாக்டர்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் சமையலறை அவருடைய பழைய கம்பெனி ஆகிவிட்டது. சாப்பாட்டின் அளவுக்குத் தகுந்தபடி ஊசி மருந்தின் அளவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு இட்லி என்று நான் எழுதி வைத்தேன். அக்கா தன் தராசைக் கொண்டுவந்து ஒரு ஈடு இட்லியையும் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று நாற்பத்திரண்டு கிராம், ஒன்று அறுபத்தொன்று. எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. "இன்னாமா இது, பாஸே போட முடியாது போலகீதே" என்றார். கரண்டியை மாற்றினேன், மாவு ஊற்றும் கையை மாற்றினேன். ஒரு மாதத்தில் எல்லா இட்லியும் ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. தாரணிக்கு அது பெரிய விளையாட்டு. தராசில் வைப்பதற்கு முன் எடை சொல்லிப் பந்தயம் கட்டுவாள். "பெரிம்மா, இது அம்பத்தி மூணு" என்பாள். பல நாள் அவள்தான் ஜெயிப்பாள்.

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடக்கூடாது என்று ஒரு தடித்த பிளாஸ்டிக் பாட்டிலை அக்காவே கொண்டுவந்து வைத்தார். நிரம்பினால் அவரே மூடி எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் பாட்டிலால்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

என் நாத்தனார் வாலாஜாபாத்தில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு வைத்தியர் ஒரு பொடி கொடுப்பதாகவும், தொண்ணூறு நாளில் ஊசியே வேண்டாம் என்றும் சொல்லி ஒரு டப்பா அனுப்பிவைத்தார். ஒன்பது வயசுப் பிள்ளையின் வயிற்றில் தினம் நாலு தடவை குத்துகிற எந்தத் தாய்க்கும் அந்த டப்பா சாமி பிரசாதம்தான். யாருக்கும் சொல்லாமல் காலையில் வெந்நீரில் கலந்து கொடுத்தேன். இரண்டு வாரத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. நூறு, தொண்ணூறு, ஒரு நாள் எழுபது. நானாகவே ஒரு ஊசியைக் குறைத்தேன். அப்படியும் நூற்றுப் பத்துதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொன்றையும் குறைத்தேன். டாக்டருக்கு வாரம் ஒரு முறை எண்களை அனுப்பவேண்டும். அதையும் அனுப்பவில்லை. முழுசாகக் குணமான பிறகு ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அக்கா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த வாரம் ஊசி கம்மியா கீதே?"

மழுப்பினேன். அவர் விடவில்லை. டப்பாவைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பிள்ளைக்குக் கொடுத்துக் குணமானது, நீ பார்த்தாயா என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. மூன்று மாதமாக அடக்கிவைத்த எல்லாவற்றையும் அவர்மேல் கொட்டினேன். எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவர் என்றேன். கடைசியாக, "உங்களுக்கு ஒரு புள்ள இருந்தா இப்படி பாட்டிலை எண்ணிட்டு நிக்கமாட்டீங்க. பெத்தவளுக்குத்தான் அது தெரியும்" என்றேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். "நெசமா சரியாயிட்டா எனக்கும் சந்தோசம்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நாலு நாள் மேலே வரவில்லை. அந்த நாலு நாளில் நான் மிச்ச ஊசிகளையும் நிறுத்தியிருந்தேன். ஐந்தாம் நாள் மதியம் தாரணி இரண்டு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாய் காய்கிறது என்றாள். குத்திப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. குனிந்து மோந்து பார்த்தேன். அந்த வாடை.

எப்படிக் கீழே இறங்கினேன் என்று நினைவில்லை. அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். அவர் ஊசியை எடுத்துத் தயார் செய்தார், நான் டாக்டரைப் போனில் பிடித்தேன். டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது நன்றாகத் தெரிந்தது. மருந்து ஆரம்பித்த புதிதில் கொஞ்ச நாள் உடம்பு தானாகவே கொஞ்சம் இன்சுலின் சுரக்கும், சர்க்கரை அதனால்தான் இறங்கியது, இதை நாங்கள் ஹனிமூன் என்றே சொல்வோம், முடிந்துவிடும், ஊசியைக் குறைக்கலாமே தவிர நிறுத்தவே கூடாது என்றார். மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் ஆறு மணிக்கு இருநூற்று முப்பதுக்கு இறங்கியது. தாரணி எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள்.

அக்கா அந்த டப்பாவைத் தூக்கி எறியவில்லை. மூடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, ஊசி நின்றுபோன பிள்ளைகளில் ஒரே ஒரு பிள்ளையின் அம்மா நம்பர் கொடுங்கள், நான் பேசவேண்டும் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தூக்கி எறிந்தார்.

அவர் படியிறங்கும்போது வழியை மறித்து நின்றேன். அன்றைக்கு நான் பேசியது ரொம்பத் தப்பு அக்கா என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"எனக்குப் புள்ள இல்லன்னு சொன்ன. அது நெசந்தான். அதுல தப்பு இல்ல. பெத்தாதான் தெரியும்னு சொன்னியே, அதான் தப்பு. பெத்த நீ பாக்கல, நான் பாத்தேன்."

திட்டுகிற குரலில் இல்லை. சட்டையில் எந்தத் தையல் சரி, எது விட்டிருக்கிறது என்று பிரித்துச் சொல்கிற குரல். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து, அவர் கணவர் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். என்னிடம் இரண்டு வார்த்தை, அப்புறம் தாரணி. வாரத்தின் எண்களை அவள் தன் நோட்டிலிருந்து வாசிப்பாள், அக்கா அங்கே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். தாரணி வளர்ந்தாள். தானே குத்தினாள், தானே ஊசி போட்டுக்கொண்டாள், ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். நான் நோட்டைப் பார்ப்பேன். நூற்றிருபது, நூற்று முப்பது, நூற்றுப் பதினைந்து. எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா பஸ் பிடித்துப் பெருங்களத்தூரில் இறங்கி வந்து நின்றார். கையில் ஒரு பை. தாரணி பள்ளியிலிருந்து வரும்வரை என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அவள் வந்து சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அஞ்சு வாரமா நீ சொல்ற நம்பர் எல்லாம் பூஜ்யத்துலயும் அஞ்சுலயும்தான் முடியுது பாப்பா."

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய சுகர் மிஷின் மேசைமேல் இருந்தது. அதில் பழைய எண்கள் எல்லாம் தேதியோடு பதிவாகி இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நான் கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தடுத்தார்.

"நான் பாக்கப் போறதில்ல" என்றார் தாரணியிடம். "நீயே சொல்லு."

அந்த மனுஷி ஒன்றைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தாரணி விம்மி விம்மி அழுதாள். முப்பத்தாறு நாளாகக் குத்திப் பார்க்கவே இல்லை, குத்துமதிப்பாக ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். வகுப்பில் எல்லோரும் சாப்பாட்டு மணி அடித்தால் டப்பாவைத் திறக்கிறார்கள், நான் மட்டும் கணக்குப் போடவேண்டும், தூங்கினாலும் கணக்கு, விளையாடினாலும் கணக்கு, எனக்கு ஒரு நாள்கூட லீவே இல்லை பெரிம்மா, சலித்துப்போய்விட்டது என்றாள்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கண், சிறுநீரகம், கால் என்று டாக்டர்கள் சொல்லும் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

"லீவு வேணுமா?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்தாள். "பத்து நாளு எடுத்துக்கோ. நான் குத்தறேன், நான் கணக்குப் போடறேன், நான் ஊசி போடறேன். நீ கைய மட்டும் நீட்டு. நம்பர் இன்னான்னு கூட கேக்காத."

அதற்காகத்தான் பையில் பத்து நாளைக்குத் துணி எடுத்து வந்திருந்தார். தராசும் இருந்தது. அந்தப் பத்து நாளும் மதிய வேளையில் பள்ளிக்கே நடந்து போனார். வாசலில் நின்று, தலைமை ஆசிரியையிடம் பேசி, இரண்டாம் நாளிலிருந்து உள்ளேயே ஒரு நாற்காலி போடவைத்துவிட்டார். தாரணி தோழிகளோடு பேசிக்கொண்டே ஒரு கையை நீட்டுவாள், இவர் குத்துவார், டப்பாவைப் பார்ப்பார், ஊசி போடுவார், கிளம்பிவிடுவார். தோழிகள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் அவரிடம் தங்கள் கையையும் நீட்டினார்கள். வீட்டில் தாரணி சும்மா உட்கார்ந்து டி.வி. பார்த்தாள், கதவை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டாள், சனிக்கிழமை முழுக்கத் தூங்கினாள். அவள் இப்படி ஒன்றும் யோசிக்காத முகத்தோடு இருந்து நான் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. என்னால்கூட அப்படி ஒரு லீவு அவளுக்குக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

பதினோராம் நாள் காலையில் அக்கா கிளம்பிவிட்டார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. தாரணியும் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தவள் மேசை முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலைத் துடைத்துக் குத்தினாள். இருநூற்றுப் பதினாலு. நோட்டில் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. ஆனால் இருநூற்றுப் பதினாலு என்றே எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் முதலில் அந்த எண்ணைத்தான் சொன்னாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் நிதானமாக வந்தது.

"அதுக்கு மொத நாளு ராத்திரி எனக்குத் தெரியாம இன்னா துன்னே?"

"பரோட்டா. ரெண்டு."

அந்தப் பக்கம் எழுதுகிற அளவுக்கு ஒரு இடைவெளி.

"நல்லா இருந்துதா?"

"சூப்பரா இருந்துது பெரிம்மா" என்றாள் தாரணி.